கோன் பந்தைப் பறிக்காது

(உடற்கல்வி ஆசிரியர்களும் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



டிரில்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். நிறையப் பேர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். புதிதாக இருபது டிரில் கிடைக்கும், படம் வரைந்துகொண்டு போகலாம் என்று வந்திருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். டிரிலுக்குப் பஞ்சமே இல்லாத காலம் இது. கைபேசியைத் திறந்தால் கொட்டிக் கிடக்கிறது. எந்த டிரில் உண்மையில் கற்றுத்தருகிறது, எது கற்றுத்தருவதுபோலப் பாசாங்கு செய்கிறது என்று பிரித்துப் பார்க்கும் கண்தான் நம்மிடம் குறைவு. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

எந்த ஊர் கோர்ட்டிலும் காலையில் பார்க்கக் கிடைக்கும் டிரிலிலிருந்தே தொடங்குவோம். எட்டு கோன்களை ஒரே கோட்டில் வைக்கிறோம். பிள்ளைகள் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து டிரிபிள் செய்து, கடைசி கோனைச் சுற்றித் திரும்புகிறார்கள். நம் கையில் ஸ்டாப்வாட்ச். ஒரு மாதத்தில் நேரம் குறைகிறது. வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் பெற்றோருக்கும் திருப்தி, நமக்கும் திருப்தி. அப்புறம் மாவட்டப் போட்டி வருகிறது. எதிரணிக்காரர்கள் அரைக்கோட்டுக்கு முன்பாகவே இரண்டு பேராக வந்து மறிக்கிறார்கள். நம் பையன் தலையைக் குனிந்து, பந்தையே பார்த்துக்கொண்டு, நேராக அவர்கள் கைக்குள் போய் விழுகிறான். பெஞ்சில் இருந்து நாம் கத்துகிறோம்: "இத்தனை நாள் என்னடா பழகினே?"

அவன் பழகியதைத்தான் செய்தான். கோன் நகராது. கோன் கை நீட்டாது. நீ எந்தப் பக்கம் திரும்பப்போகிறாய் என்று உன் தோளைப் பார்த்து ஊகிக்காது. எட்டு கோனும் நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும். அதனால் அவன் தலையை நிமிர்த்த வேண்டிய அவசியமே அந்த டிரிலில் வரவில்லை. நாம் "தலையைத் தூக்குடா" என்று நூறு முறை சொல்லியிருப்போம். ஆனால் மேலே பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?

டிரிபிளில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. பந்தைக் கைக்கு அடக்குவது ஒன்று. எதிரே நிற்பவனின் காலையும் இடுப்பையும் பார்த்து, எப்போது, எந்தப் பக்கம் என்று முடிவெடுப்பது இன்னொன்று. முதல் வேலைக்குக் கோர்ட் வேண்டாம், கோச் வேண்டாம். வீட்டு வாசலில் பத்து நிமிடம் போதும். இரண்டு கையிலும் இரண்டு பந்தைத் தட்டுவது, கண்ணை மூடித் தட்டுவது எல்லாம் அங்கே நடக்கட்டும். ஒரு வாரத்தில் நமக்குக் கிடைக்கும் கோர்ட் நேரம் மிகக் குறைவு. அதிலும் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் நம் பீரியடை எடுத்துக்கொள்கிறார். அந்தக் குறைந்த நேரத்தை இரண்டாவது வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வாதம்.

அதற்காக கோனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கோன் நின்ற இடத்தில் ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். கால் நகரக் கூடாது, கை நீட்டலாம் என்று விதி வையுங்கள். அந்த நொடியிலேயே டிரிபிள் செய்பவனின் தலை தானாக நிமிர்வதைப் பார்ப்பீர்கள். நாலு நாள் கழித்து, நிற்பவனுக்கு ஒரு எட்டு வைக்க அனுமதி கொடுங்கள். அப்புறம் மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு சந்து வரைந்து, அதற்குள் ஒருவனுக்கு ஒருவன், முழு வேகம். பந்து வைத்திருப்பவனுக்கு மூன்று டிரிபிள்தான் என்று ஒரு கட்டு. எண்ணிக்கை குறைந்ததும் ஒவ்வொரு டிரிபிளுக்கும் ஒரு காரணம் வேண்டியிருக்கும். சும்மா நின்ற இடத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு யோசிக்கிற பழக்கம் அதோடு போகும். இதைத்தான் பழைய கோச்சுகள் ஜிக்ஜாக் என்று நடத்தினார்கள். டிஃபன்ஸ் பழக்கத்தான் அதை வைத்திருந்தார்கள். பந்து வைத்திருப்பவனுக்கும் அதே டிரிலில் பாதிப் பாடம் இருக்கிறது.

இதைச் சொன்னால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "சார், சங்கீதத்தில் சரளி வரிசை இல்லையா? ஆயிரம் தடவை ஒரே வரிசையைப் பாடித்தானே குரல் படிகிறது?" நியாயமான கேள்வி. ஆனால் கச்சேரியில் பாடகர் தைவதத்துக்குப் போகும்போது முன்வரிசை ரசிகர் எழுந்து வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதில்லை. தனியாக ஆடும் வித்தைக்கும், எதிராளி உள்ள ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நம் ஆட்டத்தில் சரளி வரிசைக்குச் சமமானது ஃப்ரீ த்ரோ ஒன்றுதான். அங்கே மட்டும்தான் யாரும் மறிப்பதில்லை. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

இந்த ஆட்டம் பிறந்தபோது டிரிபிளே கிடையாது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா? 1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பனிக்காலத்தில் உள்ளே அடைந்து கிடந்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் இதை உண்டாக்கினார். மொத்தம் 13 விதிகள். வகுப்பில் இருந்த 18 பேரையும் பக்கத்துக்கு 9 பேராகப் பிரித்தார். பீச் பழக்கூடை இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டினார். பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது அந்த விதிகளில் ஒன்று. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகும் வழக்கம் பிற்பாடு ஆட்டக்காரர்கள் தாங்களாகக் கண்டுபிடித்த தந்திரம். ஆக இந்த ஆட்டத்தின் மூத்த பிள்ளை பாஸ். அது ஒரு ஆள் பந்தை விட்டு இன்னொரு ஆளைத் தேடும் ஆட்டமாகத்தான் தொடங்கியது.

ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் நமக்கும் தூரம் அதிகமில்லை. அங்கே படித்த ஹாரி குரோ பக்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இருக்கிறதே, அதே கல்லூரி. இந்த அரங்கில் இருக்கும் பலர் அங்கே படித்தவர்கள். மீதிப் பேரில் பலர் அங்கே படித்தவர்களிடம் பழகியவர்கள். அதனால் மூத்த பிள்ளையைக் கவனிக்க வேண்டிய கடமை நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு என்று நினைக்கிறேன்.

ஆனால் நடப்பதென்ன? நம் பிள்ளை பந்தைப் பிடித்ததும் யோசிக்காமல் ஒரு தட்டு தட்டுகிறான். அந்தத் தட்டோடு அவனுக்கு இருந்த மூன்று வழிகளில் ஒன்று போய்விட்டது. பந்தை இரு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கி நிற்கும்போது ஷூட் பண்ணலாம், பாஸ் கொடுக்கலாம், டிரிபிள் பண்ணலாம். இதைத்தான் 'டிரிபிள் த்ரெட்' என்கிறார்கள்; இங்கே டிரிபிள் என்றால் மூன்று. தட்டி நிறுத்திவிட்டால் மறுபடி தட்ட முடியாது. டபுள் டிரிபிள் விசில் வரும். எதிரே நிற்பவனுக்கு அது தெரியும். உடனே மேலே வந்து ஒட்டிக்கொள்வான்.

இதற்கு நான் கண்ட மருந்து, டிரிபிளே இல்லாத ஆட்டம். பாதிக் கோர்ட், மூன்று பேருக்கு மூன்று பேர். தரையில் தட்டினால் பந்து எதிரணிக்கு. முதல் பத்து நிமிடம் கண்றாவியாக இருக்கும். எல்லோரும் பந்தை நோக்கி ஓடி வருவார்கள், குவிந்து நிற்பார்கள், கத்துவார்கள். அந்தக் கலவரத்தைப் பார்த்துப் பயந்து டிரிலை நிறுத்திவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு பிள்ளை, பெரும்பாலும் கூட்டத்தில் தள்ளப்பட்டுச் சலித்துப்போன பிள்ளை, விலகி ஓடுவான். பந்து அவனிடம் போகும். அவனுக்கு யாரும் "கட் பண்ணு" என்று சொல்லிக் கொடுக்கவில்லை. காலி இடத்தைக் கால் கண்டுபிடித்தது. பிவட் என்றால் என்ன என்று வகுப்பெடுக்கவும் தேவையிருக்காது. டிரிபிளும் கிடையாது, எதிரே ஆள் நிற்கிறான் என்றால், ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. டிராவலிங் விசிலை மட்டும் கண்டிப்பாக ஊதுங்கள்.

இந்த ஆட்டத்துக்கு ரிங் கூட அவசியமில்லை என்பது இன்னொரு லாபம். நம்மில் பெரும்பாலோருக்கு நாற்பது பிள்ளை, ஒரு கோர்ட், ஆறேழு பந்து; அதில் இரண்டில் காற்று நிற்காது. ஐந்து பாஸ் சேர்ந்தால் ஒரு பாயின்ட் என்று வைத்தால் கோர்ட்டை நான்காகப் பிரித்து நாலு ஆட்டம் ஒரே நேரத்தில் நடத்தலாம்.

இப்போது லே-அப் வரிசை. வலப்பக்கம் ஒரு வரிசை, இடப்பக்கம் ஒரு வரிசை. ஒருவன் ஷூட், ஒருவன் ரீபவுண்டு. பார்வைக்கு ராணுவ அணிவகுப்பு மாதிரி அழகாக இருக்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு முயற்சிக்கு ஐந்து நொடி என்றால் நாற்பது பேருக்கு 200 நொடி. ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் ஒரு லே-அப். பதினைந்து நிமிடம் ஓடினாலும் ஆளுக்கு நாலு, மிஞ்சினால் ஐந்து. மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவனின் சட்டையை இழுக்கும் பயிற்சி.

லே-அப் பக்கத்தில் ஒரு பழைய டிரில் இருக்கிறது. அதன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். சிகாகோவில் டிபால் பல்கலைக்கழகத்துக்கு 1942-இல் ஜார்ஜ் மைகன் என்று ஒரு பையன் வந்தான். உயரம் 208 சென்டிமீட்டர். கெட்டியான கண்ணாடி போட்டவன். நடையில் ஒழுங்கு இல்லை. இவ்வளவு உயரமானவன் ஆட்டத்துக்கு லாயக்கில்லை, கால் தடுக்கும் என்று நினைத்த காலம் அது. அங்கே புதிதாக வந்த கோச் ரே மேயர் அவனை ஸ்கிப்பிங் ஆடவைத்தார், குத்துச்சண்டைக்காரன் மாதிரி நிழலோடு மோதவைத்தார், நடனம் கூடக் கற்கவைத்தார். அதோடு ஒரு டிரில்: ரிங்கின் அடியில் நின்று வலக்கையால் போர்டில் ஒன்று, வலையிலிருந்து விழும் பந்தைத் தரையில் விடாமல் பிடித்து ஒரு எட்டில் மறுபக்கம், இடக்கையால் ஒன்று. மறுபடி வலம், மறுபடி இடம். மைகன் பிற்பாடு மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியின் தூணாக நின்றார். அவரை ரிங்கிலிருந்து தள்ளி வைப்பதற்காகவே 1951-இல் என்.பி.ஏ., ரிங்குக்குக் கீழே உள்ள பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கியது. இன்றும் உலகமெல்லாம் அந்த டிரிலுக்கு அவர் பெயர்தான்.

இதிலும் எதிராளி இல்லையே, இது மட்டும் ஏன் பிடிக்கிறது என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். ஒன்று, ஒரு நிமிடத்தில் முப்பது நாற்பது முறை பந்து கையில் வருகிறது, காத்திருப்பே இல்லை. இரண்டு, அது குறிப்பிட்ட ஒரு ஆளின் குறிப்பிட்ட குறைக்காகச் செய்யப்பட்டது. காலும் கையும் ஒத்துழைக்காத ஓர் உயரப் பையனுக்கு அது தேவைப்பட்டது. மேயர் அந்தப் பையனைப் பார்த்து டிரிலைச் செய்தார். நாமோ டிரிலை எங்கோ பார்த்துவிட்டுப் பையனைத் தேடுகிறோம்.

உயரமான பையன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும். எட்டாம் வகுப்பிலேயே ஐந்தடி பத்து அங்குலம் வளர்ந்துவிடும் பிள்ளையை நாம் என்ன செய்கிறோம்? ரிங்குக்கு அடியில் நிறுத்தி, "கையை மேலே வைத்துக்கொள், பந்து வரும், போடு" என்கிறோம். பதினாலு வயதுக்குட்பட்டோர் கோப்பை வருகிறது, தலைமையாசிரியர் கை குலுக்குகிறார். பதினேழு வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிடுகிறார்கள். அப்போது அந்தப் பிள்ளைக்கு டிரிபிள் தெரியாது, வெளியிலிருந்து ஷூட் தெரியாது, முகத்தை ரிங்கை நோக்கித் திருப்பி நிற்கக்கூடத் தெரியாது. அந்தக் கோப்பை அலமாரியில் பத்திரமாக இருக்கும். பையன் ஆட்டத்தை விட்டிருப்பான். எல்லாப் பிள்ளைக்கும் எல்லா டிரிலும் என்பதைக் குறைந்தது பதினைந்து வயது வரையாவது விதியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஷூட்டிங்குக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள்.

ரிங்கின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர். ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்தின் விட்டம் சுமார் 24 சென்டிமீட்டர். நேர் மேலிருந்து விழும் பந்துக்கு 45 சென்டிமீட்டர் வாசல் முழுதாகத் திறந்திருக்கும். 45 பாகைச் சாய்வில் இறங்கும் பந்துக்கு அதே வாசல் 32 சென்டிமீட்டராகக் குறுகிவிடும். 30 பாகையில் தட்டையாக வந்தால் இருப்பது 22.5 சென்டிமீட்டர், பந்து அதைவிடப் பெரியது. அந்தச் சாய்வில் இரும்பில் இடிக்காமல் நேராக உள்ளே போக வழியே இல்லை. "மேலே தூக்கிப் போடு" என்று நாம் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம். பிள்ளைகளிடம் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சைன் தெரியும். கணக்கு வாத்தியாரிடம் இழந்த பீரியடுக்கு இப்படியாவது வட்டி வாங்குவோம்.

சரி, உயரமாகப் போடவைப்பது எப்படி? "முழங்கை உள்ளே, மணிக்கட்டை மடக்கு, விரலை விரி" என்று உடம்பின் பாகங்களை ஒவ்வொன்றாகச் சொல்வது நம் வழக்கம். ஃப்ரீ த்ரோவை வைத்து 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. கேப்ரியேல் வுல்ஃப் அதில் பங்கெடுத்தவர். மணிக்கட்டின் அசைவில் கவனத்தை வைக்கச் சொன்னபோது விழுந்ததைவிட, ரிங்கில் கவனத்தை வைக்கச் சொன்னபோது பந்து துல்லியமாகப் போனது. கைத்தசைகளின் வீண் இறுக்கமும் குறைவாக இருந்தது. உடம்பைப் பற்றி யோசிக்க யோசிக்க உடம்பு இறுகுகிறது. அதனால் வேலையை உடம்புக்கு வெளியே வையுங்கள். ஷூட் பண்ணும் பிள்ளைக்கு ஒரு மீட்டர் முன்னால் இன்னொருவன் துடைப்பக் கட்டையை உயர்த்திப் பிடிக்கட்டும். பந்து அதற்கு மேலே போக வேண்டும் என்பது மட்டும் விதி. முழங்கை எங்கே இருக்க வேண்டும் என்பதை முழங்கையே கண்டுபிடித்துக்கொள்ளும்.

பந்தின் அளவும் இதில் சேர்ந்ததுதான். பத்து வயதுப் பிள்ளையிடம் 600 கிராம் எடையுள்ள 7-ஆம் எண் பந்தைக் கொடுத்து, 3.05 மீட்டர் உயர ரிங்கைக் காட்டினால் அவன் என்ன செய்வான்? இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி எறிவான். அவன் பலத்துக்கு அது புத்திசாலித்தனமான வழி. ஆனால் அந்த வழி உடம்பில் ஊறிவிடும். மினி பாஸ்கெட்பாலுக்கு 5-ஆம் எண் பந்தும் 2.60 மீட்டர் ரிங்கும் வைத்திருப்பது விளையாட்டுக்காக அல்ல. ஸ்டீபன் கரியே சிறுவனாக இருந்தபோது பலம் போதாமல் தாழ்வாகப் பிடித்துத்தான் ஷூட் பண்ணினார். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, தானும் என்.பி.ஏ.வில் ஆடிய அவருடைய தந்தை டெல் கரி ஒரு கோடையில் உட்கார்ந்து அந்த ஷாட்டை முழுதும் பிரித்து, தலைக்கு மேலிருந்து விடும்படி மாற்றினார். அந்தக் கோடையில் ரிங்குக்கு அருகிலிருந்தே பழக வேண்டியிருந்தது. தூரத்திலிருந்து போடவே முடியாமல் திண்டாடினார் கரி. பழகிப்போன ஷாட்டை மாற்றுவது எவ்வளவு வேதனை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். எல்லாப் பிள்ளைக்கும் வீட்டில் ஒரு டெல் கரி இருக்க மாட்டார்; சிறிய பந்து ஒன்று வாங்கிவிடலாம். ரிங்கை இறக்க முடியாத பள்ளியில் சுவரில் ஒரு வட்டம் வரைந்தாலே ஆரம்பத்துக்குப் போதும்.

அடுத்தது, ஒரே இடத்தில் நின்று நூறு ஷாட். நமக்கெல்லாம் பிடித்த டிரில். ஐம்பதைத் தாண்டும்போது விழ ஆரம்பிக்கும், கடைசியில் பத்துக்கு ஏழு எட்டு விழும், மனசுக்கு நிறைவாக இருக்கும். கெர், பூத் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-இல் சிறு பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிறு பொட்டலத்தைக் குறிபார்த்து எறிய வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகளில் ஒரு குழு மூன்றடி தூரத்திலேயே பழகியது. இன்னொரு குழு இரண்டடியிலும் நாலடியிலும் மாறி மாறிப் பழகியது. மூன்றடியில் பழகவே இல்லை. கடைசியில் எல்லோருக்கும் மூன்றடியில் தேர்வு. மாறி மாறிப் பழகியவர்கள்தான் நன்றாக எறிந்தார்கள். ஒரே இடத்தில் பழகும்போது கை முந்தைய எறிதலை நகலெடுக்கிறது. இடம் மாறினால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. மேட்சிலும் அதுதான் நடக்கிறது: ஃப்ரீ த்ரோவைத் தவிர, ஒரே இடத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டு ஷாட் யாருக்கும் கிடைப்பதில்லை.

ஆக, ஒரு ஷாட் போட்டதும் பிள்ளை நகர வேண்டும். இடது மூலை, பிறகு ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கம், பிறகு 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியே. ஒரு முறை பாஸ் வாங்கி, ஒரு முறை ஒரு டிரிபிளுக்குப் பிறகு. கூடவே ஒருவன் ஓடி வந்து கையை உயர்த்தட்டும். தூரத்தில் இருந்தால் ஷூட், ஒட்டி வந்துவிட்டால் தாண்டிப் போ. பயிற்சியில் விழும் எண்ணிக்கை கண்டிப்பாகக் குறையும். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், பெற்றோர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். இந்த இடத்தில்தான் கோச்சுக்கு நெஞ்சழுத்தம் வேண்டும். அழகாக ஓடும் பயிற்சியில் யாரும் புதிதாக எதையும் கற்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டியது நம் வேலை.

புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு இந்த விதியை அப்படியே வைக்காதீர்கள். பந்தை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாதவனுக்குச் சில நாள் ரிங்கின் அடியில் ஒரே இடம்தான் சரி. கை பிடிபட்டதும் நகர்த்திவிடுங்கள். அதற்கு மேல் அங்கே வைத்திருப்பது சோம்பல். பெரும்பாலும் அவனுடையது அல்ல, நம்முடையது.

ஃப்ரீ த்ரோ. முன்பே சொன்னபடி, மறிப்பவர் இல்லாத ஒரே ஷாட். போர்டிலிருந்து 4.6 மீட்டர், எப்போதும் அதே இடம். அதனால் திரும்பத் திரும்பப் பழகுவது இங்கே நியாயம். ஆனால் மேட்சில் ஃப்ரீ த்ரோ எப்படி வருகிறது? ஓடி, இடிபட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது இரண்டே இரண்டு. நாமோ பயிற்சி முடிந்து, தண்ணீர் குடித்து, நிழலில் நின்று வரிசையாக ஐம்பது போடச் சொல்கிறோம். பயிற்சியின் நடுவே எந்த நேரத்திலும் விசில் ஊதி இரண்டு பேரைக் கோட்டுக்கு அனுப்புங்கள். தவறினால் அணி முழுக்க ஒரு முறை ஓட வேண்டும். அந்த இரண்டு ஷாட், நிழலில் போட்ட ஐம்பதைவிட மேட்சுக்கு நெருக்கமானது.

டிஃபன்ஸ் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. எதிராளி உள்ள டிரில் எல்லாமே டிஃபன்ஸ் டிரிலும்தான். ஷெல் டிரில் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வெளியே நாலு பேர் பந்தைச் சுற்றி அனுப்ப, உள்ளே நாலு பேர் பந்து போகும் திசைக்கேற்ப நகர்வது. நல்ல டிரில். ஆனால் பாஸ் மெதுவாக, சொல்லிவைத்தாற்போல் போவதால் உள்ளே இருப்பவர்கள் பந்தைப் பார்க்காமலே தாளத்துக்கு நகரக் கற்றுக்கொள்கிறார்கள். மூன்றாவது பாஸுக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் ரிங்கை நோக்கிப் பாயலாம் என்று ஒரு விதி சேர்த்தால் அந்தத் தூக்கம் கலைந்துவிடும்.

முழங்காலை மறந்துவிடாதீர்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு. குதித்து இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் முழங்காலின் முன் தசைநார் அறுவது பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். நம் கோர்ட்டுகளில் பெரும்பாலானவை சிமென்ட் தரை. வார்ம்-அப்பில் நாலு சுற்று ஓடுவதற்குப் பதில் பத்து நிமிடம் இறங்கப் பழக்குங்கள்: இரண்டு காலில் இறங்குவது, முழங்கால் உட்பக்கம் சாயாமல் மடங்குவது, சத்தம் வராமல் தரையைத் தொடுவது. சத்தத்தைக் கேட்டே யார் சரியாக இறங்குகிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

கடைசியாக, டிரில் நடக்கும்போது நம் வாய் என்ன செய்கிறது என்பது. ஜான் வுடன் என்ற பெயரை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கோச்சாக இருந்தவர். 1964-லிருந்து 1975 வரை 12 ஆண்டுகளில் 10 தேசியக் கல்லூரிப் பட்டங்கள். அவருடைய கடைசிப் பருவத்தில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கேலிமோர் என்ற இரண்டு உளவியல் பேராசிரியர்கள் அவருடைய பயிற்சிகளில் உட்கார்ந்து அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் குறித்தார்கள். மொத்தம் 2,326 பதிவுகள். உற்சாகப் பேச்சும் உணர்ச்சி முழக்கமும் நிறைய இருக்கும் என்று எதிர்பார்த்திருப்போம். பாதிக்குப் பாதி, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற நேரடியான குறிப்புகள். வெறும் பாராட்டு நூற்றுக்கு ஏழு அளவில். வெறும் அதிருப்தியும் கிட்டத்தட்ட அதே அளவில். யாராவது தவறு செய்தால் சரியானதைச் செய்து காட்டுவார், பிறகு அந்த ஆள் செய்ததைச் செய்து காட்டுவார், மறுபடி சரியானதைக் காட்டுவார். மூன்றும் சேர்ந்து சில நொடிதான். ஆட்டம் நிற்காது. சொற்பொழிவு கிடையாது. இப்போது நான் செய்துகொண்டிருப்பதை அவர் கோர்ட்டில் செய்ததே இல்லை.

அந்தச் சுருக்கம் அவருக்குச் சும்மா வரவில்லை. இரண்டு மணி நேரப் பயிற்சிக்காகத் துணைக் கோச்சுகளோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் திட்டமிடுவார். எந்த நிமிடத்தில் எந்த டிரில் என்று சிறு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். பருவத்தின் முதல் நாளில் அவர் கற்றுக்கொடுத்தது காலுறை போடுவது. சுருக்கமில்லாமல் இழுத்து, ஷூவின் கயிற்றை இறுக்கிக் கட்டுவது. கொப்புளம் வந்தால் ஆள் பயிற்சிக்கு வர முடியாது, அவ்வளவுதான் அவர் தர்க்கம். காலுறையே இல்லாமல் வரும் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்; ஆனால் நாளைக் காலை அவர்கள் பாதத்தை ஒரு முறை பாருங்கள்.

திட்டினால்தான் பிள்ளை உருப்படும் என்று நம்புகிற கோச்சுகளும் இங்கே இருப்பீர்கள். திட்டுவதில் தகவல் இல்லை என்பதுதான் என் குறை. "அறிவிருக்கா உனக்கு?" என்ற கேள்விக்குப் பிள்ளையால் எந்தப் பதிலும் சொல்ல முடியாது. "பந்து வருவதற்கு முன்னால் யார் காலியாக இருந்தார்கள்?" என்று கேட்டால் அவன் திரும்பிப் பார்ப்பான். அடுத்த முறை பந்து வருவதற்கு முன்பே பார்ப்பான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது நமக்குத்தான் கஷ்டம்.

நேரம் ஒன்பதைத் தாண்டிவிட்டது. வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் வெளியே கோர்ட்டுக்கு வாருங்கள். கோன் எடுத்து வர வேண்டாம். ஷூ போடாதவர்கள் வெறுங்காலோடு இறங்க வேண்டாம், ஓரமாக நின்று பாஸ் எண்ணுங்கள். மூன்று மூன்று பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் டிரிபிள் கிடையாது. தரையில் தட்டினால் விசில் ஊதுவேன், சீனியர் ஜூனியர் பார்க்க மாட்டேன்.